இயல்பான ஹீமோகுளோபின், 69 லட்சம் சிவப்பணு: கால் சிரை உறைவுடன் வந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இடது கால் வீங்கத் தொடங்கி ஐந்து நாள் கழித்துத்தான் அவர் வந்தார். வயது 56. முதல் இரண்டு நாள் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்திருக்கிறார், அடுத்த இரண்டு நாள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் பார்த்திருக்கிறார். வலது செருப்பின் வார் நடு ஓட்டையில் மாட்டியிருந்தது. இடது செருப்பின் வார் கடைசி ஓட்டையில் இருந்தது, அப்படியும் பாதத்தின் மேல் அது பதிந்த தடம் சிவந்து தெரிந்தது.

அடிபடவில்லை. அண்மையில் அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. நெடும்பயணம் போகவில்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கவும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இரத்தம் உறையும் நோய் இருந்ததாகத் தெரியவில்லை. புகை பிடிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

முழங்காலுக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி நாடாவால் அளந்தோம். இடது கெண்டைக்கால் 39 சென்டிமீட்டர், வலது 34.5. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் காலில் உறைவு இருக்கும் வாய்ப்பைப் புள்ளிகளால் கணிக்கும் வெல்ஸ் மதிப்பீட்டில் ஒரு புள்ளி. கால் முழுவதும் வீக்கம், ஆழ்சிரை ஓடும் பாதையில் தொட்டால் வலி, விரலால் அழுத்தினால் குழி விழுதல் ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்று சேர்த்து மொத்தம் நான்கு. இரண்டுக்கு மேல் போனாலே ஆழ்சிரை இரத்த உறைவுக்கு வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டு நேரே ஸ்கேனுக்கு அனுப்பிவிடலாம், உறைகட்டி சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் துணுக்கை அளக்கும் டி-டைமர் பரிசோதனை தேவையில்லை. ஆனால் அவசரப் பிரிவில் அதற்கும் சேர்த்தே இரத்தம் எடுத்திருந்தார்கள். இயல்பின் மேல் எல்லையைப் போல எட்டு மடங்கு. முடிவு கையில் வந்த பிறகு பார்க்காமல் இருக்க யாராலும் முடிவதில்லை. என்றாலும் அது எங்கள் முடிவை ஒரு நூல் அளவுகூட மாற்றவில்லை.

டாப்ளர் ஸ்கேனில் கேள்விக்கே இடம் இருக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள சிரையின் மேல் ஸ்கேன் கருவியை அழுத்தினால் அது வாயை மூடுவது போல முழுவதும் மூடிக்கொள்ளும், பக்கத்துத் தமனி மட்டும் வட்டமாகத் துடித்துக்கொண்டு நிற்கும். இவருக்கு முழங்காலின் பின்புறச் சிரையிலும், அங்கிருந்து தொடைச் சிரையின் பாதித் தூரம் வரையிலும், எவ்வளவு அழுத்தியும் மூடவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் உறைகட்டி.

உறைவு இருப்பது உறுதியாகிவிட்டது. அது ஏன் வந்தது என்பதற்குத்தான் விடை இல்லை.

எண்கள்

உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் முதல் ஊசி போடுவதற்கு முன்பே முழு இரத்த எண்ணிக்கைக்கு எடுத்திருந்தோம். முடிவு இது: ஹீமோகுளோபின் 13.6 கிராம், இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் பங்கான ஹிமட்டோக்ரிட் 46.9 சதவீதம், வெள்ளையணு 14,200, அதில் நியூட்ரோபில் 78 சதவீதம், லிம்போசைட் 13, மோனோசைட் 5, ஈசினோபில் 2, பேசோபில் 2. தட்டணு 6.12 லட்சம். சிவப்பணு 69 லட்சம். சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி. 68 ஃபெம்டோலிட்டர். அணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. 19.4.

பயிற்சி மருத்துவர் ஒருவர் முதலில் கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டார். "சார், என்.எல்.ஆர். சரியாக ஆறு!" என்றார். நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தால் வரும் விகிதம் அது. அடுத்துத் தட்டணுவை லிம்போசைட்டால் வகுத்தார், 331 வந்தது. இரண்டுமே அதிகம். உறைவு இருப்பதை இரத்த எண்ணிக்கையே காட்டிவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியை நான் கெடுக்க வேண்டியிருந்தது. இந்த விகிதங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. செலவில்லாமல், ஏற்கெனவே கையில் இருக்கும் தாளிலிருந்து ஒரு புதிய எண் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அடிப்படையில் உண்மையும் இருக்கிறது. நியூட்ரோபில்கள் தங்கள் டி.என்.ஏ.வை வலைபோல வெளியே வீசிக் கிருமிகளைப் பிடிக்கின்றன என்பது 2004இல் தெரியவந்தது. 2010இல் அதே வலை தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் பிடித்து உறைகட்டிக்குச் சாரக்கட்டாக நிற்கிறது என்று காட்டினார்கள். ஆகவே சிரை உறைவுள்ளவர்களின் கூட்டத்தையும் இல்லாதவர்களின் கூட்டத்தையும் எதிரெதிரே நிறுத்திச் சராசரி பார்த்தால் வித்தியாசம் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருப்பது கூட்டம் அல்ல, ஒருவர். நிமோனியா வந்தாலும் என்.எல்.ஆர். ஏறும். ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு போட்டாலும் ஏறும். எலும்பு முறிந்தாலும், மாரடைப்பு வந்தாலும், இரவெல்லாம் வலியில் தூங்காமல் இருந்தாலும் ஏறும். வீங்கிய காலுடன் வருபவருக்கு உறைவா, தோலடித் தொற்றா என்பதுதான் பெரும்பாலும் நமக்குள்ள கேள்வி. தொற்றிலும் ஏறும் ஓர் எண் அந்தக் கேள்விக்கு எப்படி விடை சொல்லும்? இன்னொன்று, விகிதம் இயல்பாக இருக்கிறது என்பதற்காக யாரையும் ஸ்கேன் செய்யாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. உறைவு உண்டென்றும் சொல்லாமல், இல்லையென்றும் சொல்லாமல் நிற்கும் எண் அது.

தட்டணுவின் சராசரிப் பருமன் இன்னும் வம்பு பிடித்தது. பெரிய தட்டணுக்கள் சுறுசுறுப்பானவை, ஆகவே பருமன் கூடினால் உறைவு அபாயம் கூடும் என்பது கருத்து. நார்வேயில் ட்ரோம்சோ நகர மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் அப்படி ஒரு தொடர்பும் தென்பட்டது. ஆனால் இரத்தம் எடுக்கும் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளில் தட்டணு நேரம் ஆக ஆக ஊதிக்கொண்டே போகிறது. ஒரு மாதிரியை எடுத்த உடனே ஓட்டினால் ஓர் எண், மதிய உணவு முடிந்து வந்து ஓட்டினால் வேறோர் எண். இயந்திரத்துக்கு இயந்திரமும் மாறும். உறைவை அளக்கிறோமா, குழாய் எவ்வளவு நேரம் மேசையில் கிடந்தது என்பதை அளக்கிறோமா என்ற ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இரத்த எண்ணிக்கையை உறைவு அபாயத்துக்கு முறையாகப் பயன்படுத்தும் இடம் ஒன்று உண்டு. புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கும் முன் போடப்படும் கொரானா மதிப்பீடு அது. 2008இல் வந்தது, பெயர் மருத்துவருடையது, பிற்காலத்துத் தொற்றுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. தட்டணு 3.5 லட்சம் அல்லது அதற்கு மேல், வெள்ளையணு 11,000க்கு மேல், ஹீமோகுளோபின் 10க்குக் கீழ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அத்துடன் புற்றின் இடத்துக்கும் உடல் பருமனுக்கும் புள்ளிகள் சேரும். ஆனால் அது இனி உறைவு வரக்கூடுமா என்று கேட்கும் மதிப்பீடு. வந்துவிட்டதா என்று அதனிடம் கேட்பதில்லை.

சிவப்பணு வரி

பயிற்சி மருத்துவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, ஹீமோகுளோபினை மறந்துவிட்டு அதற்கு அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். சிவப்பணு 69 லட்சம்.

ஹீமோகுளோபின் 13.6 என்பதால் கண் அந்த வரியில் நிற்காமல் வழுக்கிப் போய்விடுகிறது. ஹிமட்டோக்ரிட் 46.9 என்பதும் ஆணுக்கு இயல்புக்குள்தான். ஆனால் ஹிமட்டோக்ரிட் என்பது ஒரு பெருக்கல்தான்: அணுக்களின் எண்ணிக்கை ஒரு பக்கம், ஒவ்வொன்றின் பருமன் மறுபக்கம். இவருக்கு எண்ணிக்கை தாறுமாறாகக் கூடியிருக்கிறது, பருமன் தாறுமாறாகக் குறைந்திருக்கிறது. இரண்டு கோளாறுகளைப் பெருக்கியதில் இயல்பான ஒரு விடை வந்துவிட்டது.

சிறிய அணுக்கள், மிகுந்த எண்ணிக்கை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் குறையான தலசீமியா பண்பு. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பண்பு, மேலே போனால் இரும்புச்சத்துக் குறைவு என்று 1973இலிருந்து ஒரு குறுக்குக் கணக்கு இருக்கிறது, மென்ட்சர் குறியீடு. இவருக்கு 68ஐ 6.9ஆல் வகுத்தால் 9.9. கணக்குப்படி தலசீமியா பண்பு என்று எழுதி மூடிவிடலாம்.

மூட விடாமல் தடுத்தவை மூன்று. முதலாவது ஆர்.டி.டபிள்யூ. 19.4. தலசீமியா பண்பில் அணுக்கள் பெரும்பாலும் ஒரே சீராகச் சிறியவை, இங்கே பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கின்றன. அது இரும்புக் குறைவின் சாயல். இரண்டாவது, தட்டணுவும் வெள்ளையணுவும்கூட மேலே போயிருக்கின்றன. தலசீமியா பண்பு அவற்றைத் தொடாது. உறைவின் அழற்சியாலும் இரும்புக் குறைவாலும் அவை ஏறலாம் என்பது சரிதான், ஆனால் மூன்று வகை அணுக்களும் சேர்ந்து ஏறும்போது அவற்றை உருவாக்கும் எலும்பு மஞ்சையையே (மஜ்ஜை) ஐயுற வேண்டும். மூன்றாவது, பேசோபில் 2 சதவீதம். 14,200இல் 2 சதவீதம் என்றால் 284. அறிக்கைத் தாளின் கடைசி வரியில் கிடக்கும் இந்த எண்ணை யாரும் படிப்பதில்லை. பேசோபில் காரணமில்லாமல் ஏறாது.

இரும்புக் குறைவு இருக்கும்போது சிவப்பணு எண்ணிக்கை குறைய வேண்டும், கச்சாப் பொருள் இல்லாத பட்டறையில் உற்பத்தி கூடாது. இங்கே இரும்பு இல்லாமலே பட்டறை இரவும் பகலும் ஓடுகிறது, சிறிய சிறிய அணுக்களாக அடித்துத் தள்ளுகிறது. நிறுத்தச் சொல்லும் ஆணை மஞ்சைக்குக் காதில் விழவில்லை.

படுக்கையருகே திரும்பிப் போனோம்.

"ஐயா, குளித்து முடித்ததும் உடம்பு அரிக்குமா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லும் முன் மனைவி முந்திக்கொண்டார். "அதை ஏன் கேட்கிறீர்கள் டாக்டர், நாலு சோப்பு மாற்றிவிட்டோம். வெந்நீரில் குளித்தால் அரைமணி நேரம் ஒரே சொறி. இப்போது இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் குளிக்கிறார்."

தோலில் தடிப்பு எதுவும் இல்லை. அது சோப்பின் குற்றமும் அல்ல. மூச்சை இழுத்து விடச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்தபோது மண்ணீரலின் முனை வந்து இடித்தது. காலைப் பார்க்க வந்தவரின் வயிற்றை முதல் நாள் யாரும் சரியாகத் தொட்டுப் பார்க்கவில்லை, நான் உட்பட.

பழைய மருத்துவத் தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டதும் அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். 14 மாதங்களுக்கு முன் உடற்பரிசோதனைக்காக எடுத்த எண்ணிக்கை அதில் இருந்தது: ஹீமோகுளோபின் 17.4, ஹிமட்டோக்ரிட் 52.8, எம்.சி.வி. 86. பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, 'நீர் நிறையக் குடிக்கவும்' என்று எழுதியிருந்தது. அடுத்த தாள் மூன்று வாரம் முந்தையது. களைப்பு என்று போனவருக்கு எம்.சி.வி. குறைவு என்பதைப் பார்த்து இரும்பு மாத்திரை எழுதப்பட்டிருந்தது.

மறைந்திருந்தது

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் 7 நானோகிராம். அழற்சி இருந்தால் ஃபெர்ரிட்டின் பொய்யாக ஏறும். காலில் இவ்வளவு பெரிய உறைவு இருந்தும் 7தான் என்றால் இரும்புக் கிடங்கு துடைத்துப் போட்டது போல இருக்கிறது என்று பொருள். சிறுநீரகத்திலிருந்து வந்து சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் குறிப்பு எல்லைக்கும் கீழே இருந்தது. வெறும் இரும்புக் குறைவு என்றால் அது ஏறத்தான் செய்யும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்ததால் நுரையீரல் காரணமும் விலகியது. ஜாக்2 மரபணுவில் வி617எஃப் மாற்றம் இருப்பது உறுதியானது. மஞ்சைத் திசுவில் மூன்று அணு வரிசைகளும் நெருக்கியடித்துப் பெருகியிருந்தன.

பாலிசைத்தீமியா வேரா: மஞ்சை கட்டுப்பாடில்லாமல் சிவப்பணுக்களைப் பெருக்கும் நோய். குளித்ததும் வரும் அரிப்பும் பெருத்த மண்ணீரலும் அதன் அடையாளங்கள்தான். ஜாக்2 மாற்றம் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தினரிடம் அதே ஒற்றை மாற்றத்தைக் காணலாம். நோயை அறிவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2016இல் வகுத்த அளவுகோல் ஆணுக்கு ஹீமோகுளோபின் 16.5க்கு மேல் அல்லது ஹிமட்டோக்ரிட் 49க்கு மேல். இவர் எங்களிடம் வந்த நாளில் இரண்டிலுமே தேறமாட்டார். 14 மாதம் முன்பு இரண்டிலுமே தேறியிருப்பார்.

இடையில் என்ன நடந்தது என்பது கேள்வி கேட்கக் கேட்கத்தான் வெளிவந்தது. அணுக்கள் மளமளவென்று பிறந்து இறக்கும்போது யூரிக் அமிலம் ஏறும். இவருக்குக் கால் பெருவிரலில் கீல்வாதம் வந்து போயிருக்கிறது. அதற்குத் தானாகவே கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் அடிப்பகுதியில் அரிப்புப் புண்கள் தெரிந்தன. வயிற்றில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து இரும்பு போயிருக்கிறது. எஞ்சியதை மஞ்சை தன் பேராசையில் தீர்த்துவிட்டது. இரும்பு இல்லாததால் அணு சிறுத்தது, அணு சிறுத்ததால் ஹிமட்டோக்ரிட் இறங்கி நோய் ஒளிந்துகொண்டது. அந்த நேரத்தில்தான் யாரோ களைப்புக்கு இரும்பு கொடுத்தார்கள்.

இரும்பு மாத்திரைதான் உறைவைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வாரத்தில் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதற்கு எங்களிடம் அளவு இல்லை. ஆனால் இந்த நோயில் இரும்புக் குறைவு, விரும்பாமல் கிடைத்த ஒரு கடிவாளம். அதை அவிழ்த்துவிட்டால் சிவப்பணு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அன்றே நிறுத்தினோம்.

பாலிசைத்தீமியா வேரா என்றால் கல்லீரல் சிரையிலும் குடல் சிரைகளிலும் வரும் உறைவைத்தான் பாடப்புத்தகம் முன்னால் வைக்கும். காலிலும் வரும். அதற்காகக் கால் உறைவுடன் வரும் ஒவ்வொருவருக்கும் ஜாக்2 பரிசோதனை செய்யக் கிளம்பினால் வீண் செலவுதான் மிஞ்சும், எண்ணிக்கையில் தடயம் இருந்தால் மட்டுமே தேட வேண்டும். மறைந்த புற்றுநோயைத் தேடுவதிலும் இதே கதைதான். காரணமில்லாமல் உறைவு வந்த 854 பேரிடம் கனடாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் ஒரு வருடத்துக்குள் புற்று தெரியவந்தவர்கள் 3.9 சதவீதம். அடிப்படைப் பரிசோதனைகளுக்கு மேல் வயிற்றுக்கு விரிவான சி.டி. ஸ்கேன் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அந்த அடிப்படைப் பரிசோதனைகளில் ஒன்று, எல்லோரும் அலட்சியமாகப் புரட்டும் இந்த இரத்தப் பரிசோதனைத் தாள்.

சிகிச்சை

ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸபரின் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு முறை. எண்டோஸ்கோப்பி இரத்தக் கசிவு அபாயம் குறைந்த பரிசோதனை என்பதால் அதற்காக ஊசியை நிறுத்தவில்லை. மஞ்சைத் திசு எடுத்த அன்று மட்டும் காலை ஊசியைத் தள்ளிவைத்தோம். வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தொடங்கி, வலி மாத்திரையை ஒழித்த பிறகு எட்டாம் நாள் அபிக்ஸபான் என்ற உறைவெதிர்ப்பு மாத்திரைக்கு மாற்றினோம்.

இந்த நாட்களில் எண்ணிக்கைத் தாளுக்கு இன்னொரு வேலை இருந்தது. ஹெப்பாரின் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சிலருக்கு ஹெப்பாரினுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகித் தட்டணு சரியும். தட்டணு குறைந்தால் இரத்தம் கசியும் என்றுதான் பொதுவாக நினைப்போம், இதில் நேர்மாறாகப் புதிய உறைவுகள் வரும். எனாக்ஸபரின் வகையில் அபாயம் குறைவு, இல்லாமல் இல்லை. தொடக்க அளவிலிருந்து பாதிக்கு மேல் சரிந்தால் எச்சரிக்கை. இவரைப் போன்றவரிடம் இதில் ஒரு பொறி உண்டு. 6.12 லட்சத்தில் தொடங்கியவருக்கு 2.8 லட்சம் வந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது என்று பொருள். ஆனால் ஆய்வகத் தாள் 2.8 லட்சத்தைப் பார்த்து இயல்பு என்று சொல்லும், தடித்த எழுத்தில் அச்சிடாது, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி போடாது. எனவே முதல் நாள் எண்ணைச் சிவப்பு மையில் நோயாளியின் அட்டவணை மேல் எழுதி, அதன் பாதியையும் எழுதி வைத்தோம்: 3.06. ஐந்தாம் நாள் 5.88 லட்சம். ஏழாம் நாள் 5.71. பிரச்சினை எழவில்லை.

ஹிமட்டோக்ரிட்டை 45க்குக் கீழே கொண்டுவர இரண்டு முறை இரத்தம் வெளியேற்றினோம். ஏன் 45 என்பதற்குத் தெளிவான விடை 2013இல் இத்தாலியிலிருந்து வந்தது. 365 நோயாளிகளை இரண்டாகப் பிரித்ததில், 45க்குக் கீழே வைக்கப்பட்டவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும், 45 முதல் 50 வரை விடப்பட்டவர்களில் 9.8 சதவீதத்தினருக்கும் இதய இரத்தக்குழாய் நோயால் மரணமோ பெரிய உறைவோ நேர்ந்தது. ஒருமுறை உறைவு வந்துவிட்டதால் இவர் உயர் அபாயப் பிரிவில் சேர்கிறார். ஆகவே மஞ்சையின் அணு உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியாவும் தொடங்கினோம். இந்த நோயில் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம். புண்ணான இரைப்பை, ஏற்கெனவே உறைவெதிர்ப்பு மருந்து என்ற நிலையில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. என் சக மருத்துவர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் இன்னும் அவரவர் பக்கத்திலேயே இருக்கிறோம்.

மூன்றாம் மாதம்: ஹிமட்டோக்ரிட் 42, தட்டணு 3.4 லட்சம், வெள்ளையணு 7,400, நியூட்ரோபில் 62 சதவீதம், லிம்போசைட் 28. பயிற்சி மருத்துவர் இம்முறையும் கைபேசியை எடுத்தார். என்.எல்.ஆர். 2.2. உறைவு கரைந்ததால் விகிதம் இறங்கியதா என்று அவரையே கேட்டேன். சற்று யோசித்து, "ஹைட்ராக்ஸியூரியா நியூட்ரோபிலைக் குறைத்திருக்கிறது சார்" என்றார். அன்று எடுத்த ஸ்கேனில் தொடைச் சிரை பாதிதான் திறந்திருந்தது.

ஆறாம் மாதம் கெண்டைக்கால் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். செருப்பு வார் இரண்டும் நடு ஓட்டைக்கு வந்துவிட்டன. அரிப்பு முழுவதும் போகவில்லை, ஆனால் தினமும் குளிக்கிறார் என்று மனைவி சொன்னார். எம்.சி.வி. 75. ஆய்வகத் தாள் அதன் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி போட்டிருந்தது. அவருடைய பிளாஸ்டிக் உறைக்குள் தாளைத் திரும்ப வைப்பதற்கு முன், அந்த அம்புக்குறிக்கு நேரே பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்: 'பாலிசைத்தீமியா வேரா. இரும்பு மாத்திரை கொடுக்கும் முன் எங்களைக் கேட்கவும்.'